தொட்டியிலிருந்து கொசஸ்தலைக்கு

தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வண்ணமீன் கடையில் மாலை நேர வேலை பார்த்தேன். வீடு திருவொற்றியூரில். அப்பா பட்டறையில் கடைசல் பிடிப்பவர். படிப்புச் செலவில் பாதியையாவது நீயே பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லியிருந்தாள். மீன் கடை என்பதால் எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டிய கண்ணாடித் தொட்டிகள் மனதில் அப்படியே இருந்தன. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கே மீனும் புறாவும் கிளியும் விற்றவர்கள் நகரத்தின் பல மூலைகளுக்குப் போனார்கள். எங்கள் முதலாளியும் அங்கே தொழில் கற்றவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூரிலிருந்து சரக்கு வரும். டி.வி.எஸ். 50-இன் பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்குவார். பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பாலிதீன் கவர்கள். கோல்டு, மோலி, கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று வகைக்கு ஒரு கவர். கடைசியில் ஒரு கவரில் விரல் நீளத்தில் கறுத்த மீன்கள் அசையாமல் கிடக்கும். கடையில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர். சக்கர் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. “தொட்டியில பாசி இருந்தா தின்னுடும், தனியா தீனி போட வேணாம்” என்பதுதான் விற்கும்போது சொல்லும் வாசகம். அதனால் கோல்டு வாங்க வந்தவர்கள் இதிலும் ஒன்றைச் சேர்த்து வாங்கிப் போவார்கள்.

முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இந்த மீனைப் பற்றியதுதான். “இத்த மட்டும் வலை போட்டு எடுக்காதடா, டப்பால மொண்டு எடு” என்றார். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முன்னால் ஒரு தடித்த முள் இருக்கிறது. பயந்தால் அந்த முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் எடுத்தால் முள் முழுக்க இருக்கும் சொரசொரப்பு நூலில் சிக்கிக்கொள்ளும். பிறகு வலையை வெட்ட வேண்டும், அல்லது மீனைப் பாழாக்க வேண்டும். கடையில் இருந்த சின்ன நைலான் வலைக்கே அந்தக் கதி. ஆற்றில் போடும் வலைக்கு என்ன ஆகும் என்று யோசிக்க அன்று எங்கள் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

கடை அடைக்கும் நேரத்தில், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்த பிறகுதான் அது நடமாடத் தொடங்கும். கீழ்நோக்கி அமைந்த வட்ட வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தாடையில் உள்ள நுண்ணிய பற்களால் சுரண்டிக்கொண்டே போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணின் பாவைக்குள் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கி வெளிச்சத்தை மறைக்கும். உடம்பில் செதில் கிடையாது. தலையிலிருந்து வால் வரை வரிசை வரிசையாக எலும்புத் தகடுகள். நம் ஊர்க் கெளுத்திக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. ஆனால் நம் கெளுத்தியின் வழவழப்பான தோலைத் தொட்ட கைக்கு இது கெளுத்தி இனம் என்றே தோன்றாது.

கல்லூரி ஆய்வகத்தில் இறந்துபோன ஒன்றை ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தார்கள். பாட்டில் மேல் ‘ஹைபோஸ்டோமஸ் பிளெகோஸ்டோமஸ்’ என்று எழுதியிருந்தது. லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட மீன் அது. உலகம் முழுக்க வண்ணமீன் வியாபாரத்தில் இந்த வகை மீன்களுக்கெல்லாம் ‘பிளெகோ’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். எங்கள் பேராசிரியர் ஒருநாள் முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து, முள்ளுக்குப் பின்னால் எத்தனை கதிர்கள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். பன்னிரண்டு இருந்தன. ஹைபோஸ்டோமஸுக்கு ஏழுதான் இருக்கும் என்றார். பத்தும் அதற்கு மேலும் இருந்தால் அது வேறு பேரினம்: டெரிகோப்ளிக்திஸ். பாய்மரம் விரித்த அகலத்துக்குத் துடுப்பு நிமிர்வது அதனால்தான். அன்றைக்கே அவர் லேபிளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

அந்தப் பேரினத்துக்குள்ளும் குழப்பம் தீரவில்லை. வயிற்றில் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் பார்டாலிஸ். 1855-ல் காஸ்டெல்னோ என்ற பிரெஞ்சுக்காரர் அமேசானிலிருந்து விவரித்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்த கோடுகளாக இருந்தால் டிஸ்ஜங்க்டிவஸ். மதெய்ரா ஆற்றைச் சேர்ந்தது, 1991-ல்தான் அறிவியல் பெயரே பெற்றது. வெளிநாடுகளில் தொட்டியிலிருந்து தப்பி ஆறுகளில் பெருகியவற்றில் இரண்டும் கலந்த வயிறுகளே அதிகம். பண்ணைகளில் கலந்தே வளர்ந்ததால் கலப்பினமாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சென்னையில் யாரிடம் காட்டினாலும் “தொட்டி மீன்தானே” என்று சொல்லிவிடுகிற ஒன்றுக்கு இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் அறிந்திருக்கவில்லை.

கடையில் யாரும் வாடிக்கையாளரிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. விரல் நீளத்தில் வாங்கும் குஞ்சு முழங்கை நீளத்துக்கு வளரும். பத்து ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். இரண்டடித் தொட்டியில் ஒரே வருடத்தில் திரும்ப இடம் இருக்காது. வளர்ந்த பிறகு பாசியும் அதற்குப் போதாது. கழிவு மட்டும் நிறையப் போடும். வாங்கியவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டு வருவார்கள். “அண்ணே, இத்த நீங்களே வச்சிக்கோங்க, சின்ன மீனையெல்லாம் மொறச்சிப் பாக்குது” என்று ஒரு பையன் அழாத குறையாகச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அது நிறைந்த பிறகு முதலாளி கைவிரித்துவிடுவார். “ஏதாவது ஏரியில, கோயில் குளத்துல வுட்டுடுங்க, பொழச்சிக்கும், புண்ணியம்” என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உயிரைக் கொல்ல மனம் வராத யாரும் அன்று அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை என்பதுதான் வேதனை.

எங்கள் பகுதியில் ஏரியில் விட்ட மீன் ஏரியோடு நிற்காது. புழல் ஏரி நிரம்பி மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக ஓடி எண்ணூருக்குத்தான் வரும். பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறும் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி அங்கேயே சேரும். தெற்கிலிருந்து பக்கிங்காம் கால்வாய். வடசென்னையில் தண்ணீர் போகும் பெரும்பாலான வழிகள் கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்தில் முடிகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொளத்தூரும் மாதவரமும் முழங்கால், இடுப்பு என்று முங்கிக் கிடந்தபோது எத்தனை தொட்டிகளும் குட்டைகளும் வழிந்தோடின என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்?

அந்த வெள்ளத்துக்குப் பிந்தைய தை மாதத்தில்தான் நான் இந்த மீனை ஆற்றில் பார்த்தேன். கல்லூரியில் கூடப் படித்த நண்பனின் அப்பா கொசஸ்தலையில் மீன் பிடிப்பவர். நண்பனைப் போலவே நானும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கடலுக்குப் போகாத, ஆற்றையே நம்பியிருக்கும் மீனவர்கள் எண்ணூரில் நிறையப் பேர் உண்டு. ராயபுரம், காசிமேடு என்றால் விசைப்படகும் ஏலமும் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவுகிறவர்களை, ஆளுக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று பாடு முறை போட்டு வலை கட்டுகிறவர்களை வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மழை முடிந்த பிறகு சில வாரங்கள் ஆறு நல்ல தண்ணீராக ஓடும். அப்போது இடையஞ்சாவடிப் பக்கம் மாலையில் நரம்பு வலை கட்டிவிட்டு விடியற்காலையில் எடுப்பார்கள்.

நைனா வலையை இழுத்துக்கொண்டே வந்தார். ஜிலேபி நாலைந்து, மடவை இரண்டு, ஒரு கெளுத்தி. அதன் பிறகு வலை சுருண்டு, முறுக்கி, ஒரே கட்டியாக மேலே வந்தது. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒன்று. மூன்று முள்ளும் விறைத்து நிற்க, தப்பிக்கப் புரண்ட புரட்டில் வலையைத் தன் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னா மீன் தம்பி இது? கல்லு மாரி கீது. கத்தி எறங்க மாட்டுது” என்றார்.

“தொட்டி மீன் நைனா. வண்ணாரப்பேட்டைக் கடையில வித்துக்கிட்டு இருந்தோமே, அதுதான்.”

“தொட்டியில கெடந்தது ஆத்துக்கு எதுக்கு வருது?”

அவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்கப் பார்த்தார். பக்கத் துடுப்பின் முள்ளை மடக்கப் போனபோது விரலில் கீறி ரத்தம் வந்தது. கடைசியில் பிளேடு எடுத்துக் கண்ணிகளை அறுத்தார். கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஒரு மீனுக்கு அப்படி. மேலும் இழுத்தபோது இன்னும் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. நல்ல மீன் இருந்த பகுதி வெயிலில் வதங்கியது. அன்று பிடித்ததை விற்ற காசு வலை நூலுக்குக் கூடக் காணாது என்று நைனா சொன்னார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

கரையில் எறிந்த மீன்கள் நாங்கள் டீ குடித்துத் திரும்பிய பிறகும் உயிரோடு இருந்தன. வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இந்த மீனால் காற்றை விழுங்கி வயிற்றுச் சுவரில் உள்ள ரத்த நாளங்கள் வழியே உயிர்வாயுவை எடுத்துக்கொள்ள முடியும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும். உயிர்வாயு இல்லாத சாக்கடைத் தண்ணீரிலும் அதனால்தான் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. கடல் உப்பில் கால்பங்கு அளவு உப்பு இருந்தாலும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும் என்று மெக்சிகோவில் நடந்த சோதனைகள் காட்டின. கழிமுகத்தைக் கடந்து ஒரு கால்வாயிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போக அது போதும்.

கோடையில் தண்ணீர் வற்றியபோது புழல் உபரிநீர்க் கால்வாய்க் கரையில் வரிசையாக ஓட்டைகளைப் பார்த்தேன். எலி வளை என்றுதான் முதலில் நினைத்தார்கள் அங்கே மாடு மேய்ப்பவர்கள். ஆண் மீன் கரையில் பக்கவாட்டில் குடைந்து ஒரு மீட்டர் நீளம் வரை வளை தோண்டும். பெண் அதற்குள் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் போகும். குஞ்சு பொரிக்கும் வரை ஆண் காவல் இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த வளைகளால் ஏரிக்கரைகள் சரிந்திருக்கின்றன. நம் கால்வாய்க் கரைகள் ஏற்கெனவே எவ்வளவு பலமாக இருக்கின்றன என்பது மணலியில் மழைக்காலத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த மீன் வேறு மீன்களைத் துரத்தித் தின்பதில்லை. தரையையும் கல்லையும் சுரண்டிக்கொண்டே போகும். அங்கே ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டையும் அதனோடு போகும். செல்லாக்காசு என்று ஒரு சின்ன மஞ்சள் மீன் நம் கழிமுகங்களில் உண்டு. கல்லிலும் கட்டையிலும் முட்டை ஒட்டிவிட்டுத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். காசு கொடுத்து வெளிநாட்டு மீனை வாங்கும் நம் தொட்டிகளில் வைக்கத் தகுந்த அழகு அதற்கு உண்டு. அதைப் போன்ற மீன்களுக்குத்தான் முதல் அடி.

கேரளத்தில் திருவனந்தபுரம் வாய்க்கால்களில் இது இருப்பதை 2000-களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கிழக்குக் கொல்கத்தாவின் மீன் குட்டைகளிலும் புகுந்தது. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர்கள், நீரில் கரைந்திருக்கும் டி.என்.ஏ.வைச் சோதித்து, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பார்த்த நீர்நிலைகளில் பாதிக்கு மேல் இது பரவியிருப்பதைச் சொன்னார்கள். இலங்கையில் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் நிலைகொண்டுவிட்டது. வங்கதேசம் 2023-ல் தடையே போட்டது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்யோ அணைதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. அந்த நாட்டின் பெரிய நன்னீர் மீன்பிடித் தொழில்களில் ஒன்று அங்கே ஜிலேபியை நம்பி நடந்தது. சில ஆண்டுகளில் வலையில் விழுவதில் பெரும்பங்கு இந்தக் கவச மீனாகிவிட்டது. அங்கே மீனவர்கள் இதைப் பிசாசு மீன் என்றார்கள்.

பிசாசு, அரக்கன், கொலைகார மீன் என்று நம் பத்திரிகைகளும் இப்போது தலைப்புப் போடுகின்றன. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அமேசான் கரையில் இதே மீன் ஏழைகளின் சாப்பாடு. சாந்தரேம் பகுதியில் இதைச் சுட்டு, சதையை உதிர்த்து, வறுத்து ‘பிராகுயி’ என்ற மீன் மாவு செய்கிறார்கள். முதலையும் நீர்நாயும் அங்கே இதைத் தின்கின்றன. சுமார் ஆயிரம் இனங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தில் அழிவின் விளிம்பில் நிற்பவையும் உண்டு. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வரிக்குதிரைப் பிளெகோ பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் ஒரு வளைவில் மட்டும் வாழ்வது. பெலோ மோன்ச்சே அணை வந்த பிறகு அதற்கு அந்த வளைவும் நிச்சயமில்லை. தன் ஆற்றில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்து, பெட்டியில் அடைத்து, உலகைச் சுற்றி விற்று, சலித்ததும் வேறொரு ஆற்றில் கொட்டியது மனிதர்கள்.

எண்ணூரில் அது செழிப்பதற்கு இன்னொரு காரணமும் நாம்தான். அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றின் ஆழத்தைத் தின்றுவிட்டது. கால்வாயில் கழிவுநீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து ஆற்றையும் படகையும் வலையையும் கறுப்பாக்கியது; கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க முடியாமல் கரையில் நின்றதை ஊரே பார்த்தது. முகத்துவாரத்துத் தரையில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் கறுப்புச் சிப்பி படர்ந்து, மட்டியும் இறாலும் இருந்த இடத்தை மூடிவிட்டது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கப்பல்கள் நிலைப்புக்காக அடியில் ஏற்றிவரும் தண்ணீரில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கீழே உப்பில் சிப்பி, மேலே நல்ல தண்ணீரில் கவச மீன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நைனா போன்றவர்களின் பிழைப்பு. மடவையும் கெண்டையும் மூச்சுத் திணறிச் சாகும் தண்ணீரில் பிழைக்கும் மீன்தான் இனி மிஞ்சும். ஆறு சுத்தமாகாமல் இந்த மீனை மட்டும் ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிடித்துத் தின்று தீர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமேசானில் சரி. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் சிலிவுங் ஆற்றில் பிடித்த இதன் சதையைத் தின்பண்டத்தில் கலந்து விற்பது பெரிய கவலையாகியிருக்கிறது. அந்த ஆற்றின் கன உலோகங்கள் மீனின் உடம்பில் சேர்ந்திருப்பதே காரணம். மணலித் தொழிற்சாலைகளின் அடிவாரத்தில், சேற்றைச் சுரண்டித் தின்னும் ஒரு மீனைச் சாப்பிடுங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

நைனா இப்போது இல்லை. நண்பன் ஆற்றுக்குப் போவதில்லை. அவன் சித்தப்பா மகன் போகிறான். வலை கிழிவது நின்றபாடில்லை. கடையில் குஞ்சு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. நரம்பு வலை ஒன்று புதிதாகக் கட்ட ஆயிரக்கணக்கில் ஆகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றதும் தடை, அழிப்பு என்று அதிகாரிகள் ஓடி வருகிறார்கள்; அந்த அக்கறை இந்த மீனுக்கும் வேண்டும். மீன்வளத் துறை கொசஸ்தலை மீனவர்களிடம் உட்கார்ந்து, எந்த மடுவில் எவ்வளவு விழுகிறது, எத்தனை வலை போயிற்று என்று எழுதி, கிழிந்த வலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். கொளத்தூர் வியாபாரிகள் வளர்ந்த மீனைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும். வண்ணமீன் தொழிலுக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயருக்கு அது உகந்தது.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்னத் தொட்டி என்றால் இந்த மீனை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெரிய தொட்டி உள்ளவரிடமோ கடையிலோ கொடுங்கள். யாரும் வாங்காவிட்டால் கடைசி வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ, எங்கள் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் குளத்திலோ விடாதீர்கள். அதில் புண்ணியம் இல்லை.